தண்ணீர்க் குழாயில் ஏறிய கோடு

குருநகரில் மீன்பிடிக் குடும்பமொன்றில் பிறந்த ஜெசிதா, யாழ்ப்பாணத்து ஆய்வுகூடம் ஒன்றில் பி.சி.ஆர். பரிசோதனை செய்கிறாள். மூக்கில் எடுத்த சளியில் வைரசின் மரபுப்பொருள் துளியளவு இருந்தாலும் போதும், இயந்திரம் அதை மடங்கு மடங்காகப் பெருக்கிக் காட்டிவிடும். முன்பு மாதிரிகள் கொழும்புக்குப் போய் முடிவு வர நாட்களாகும். இயந்திரம் வந்தபின் அரை நாள் போதும். அதனாலேயே அவளுக்கு ஓய்வில்லாமற் போயிற்று.

கொரோனாக் காலத்தில் அவளுடைய தெருவையே அடைத்தார்கள். வீட்டுக்குப் போக முடியாமல் விடுதியில் தங்கியிருந்தாள். அண்ணன் லெனாட் உட்படத் தெருவார் எல்லோருடைய மாதிரிகளும் அவளிடமே வந்தன.

அன்று மத்தியானம் இயந்திரத்தின் திரையைப் பார்த்தாள். பாதிப் பேருக்கு மேல் தொற்று என்று கோடுகள் ஏறியிருந்தன. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க வெறும் தண்ணீர் விட்டு வைத்த சோதனைக் குழாயிலும், ஏறக்கூடாத ஒரு கோடு ஏறியிருந்தது. எங்கோ ஒரு மாதிரி மற்றவற்றில் கலந்துவிட்டது.

"எல்லாத்தையும் திரும்பச் செய்யவேணும் டொக்டர்."

பொறுப்பு வைத்தியர் ரஞ்சினி கண்களை மூடித் திறந்தார். "செய்யுங்கோ. பிழையான முடிவைக் குடுக்கேலாது."

மேசைகளைத் துடைத்து, சோதனைக் கரைசல்களை மாற்றி, முதலிலிருந்து தொடங்கினாள். பாதுகாப்பு உடைக்குள் வியர்வை ஊறியது. இடையில் லெனாட் தொலைபேசியில் வந்தான்.

"முடிவு வந்திட்டுதோ?"

"இல்லை அண்ணை. திரும்பச் செய்யிறம்."

"சனம் கடலுக்குப் போகேலாமல் குந்திக்கொண்டு இருக்குது பிள்ளை. ஒண்டுமில்லை எண்டு சொல்லிவிடன்."

"பாக்காமல் எப்பிடிச் சொல்லுறது?"

அவன் வைத்துவிட்டான்.

பின்னேரம் தண்ணீர்க் குழாய் சுத்தமாக இருந்தது. தெரு முழுவதிலும் ஒரேயொரு கோடுதான் ஏறியிருந்தது. அது லெனாட்டுடையது. அவனுடைய மாதிரியை மட்டும் இன்னொரு முறை ஓட்டினாள். மீண்டும் ஏறியது. அழக்கூட உடம்பில் தெம்பில்லை.

முடிவைச் சுகாதாரப் பரிசோதகர்தான் அறிவிக்க வேண்டும். அதற்குள் லெனாட் மறுபடி அழைத்தான்.

"அவர் வந்து சொல்லுவார் அண்ணை," என்றாள்.

"எனக்குத்தானோ?"

அவள் முடிவுத் தாளை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

"சரி. நீ சாப்பிட்டியே?"

அவனைச் சிகிச்சை நிலையத்துக்கு ஏற்றிப்போன பிறகு அம்மா அழைத்தார். "அவனுக்கு இன்னொருக்காப் பாத்திருக்கலாமே?"

"பாத்தனான் அம்மா."

லெனாட் பிழைத்துத் திரும்பினான். வலை இழுத்தால் இன்றும் மூச்சு வாங்குகிறது. தங்கச்சியே தமையனைப் பிடித்துக்கொடுத்தாள் என்று தெருவில் சிலர் கதைத்தார்கள். தங்கள் வீடுகளுக்கு வரவிருந்த பிழையான முடிவு அவர்களுக்குத் தெரியாது. அவளும் சொல்லப் போகவில்லை.

இப்போது மழைக்குப் பிறகு டெங்கு மாதிரிகள் வருகின்றன. காலையில் ஆய்வுகூட வாசலில் ஸ்கூட்டியை நிறுத்தியபின், உள்ளே போக மனமில்லாமல் சற்று நேரம் அதிலேயே உட்கார்ந்திருக்கிறாள்.