அண்ணாந்தான் குப்புறப் படுத்த வாரம்

பேருந்துப் பணிமனையில் அவருக்கு அண்ணாந்தான் என்று பெயர். கடைசி நிறுத்தத்தில் மற்ற ஓட்டுநர்கள் டீக்கடைக்குள் நுழைவார்கள்; இவர் வண்டியை விட்டு இறங்கியதும் வானத்தைப் பார்ப்பார். "மழை வருமா?" என்று கேட்டால், "அது தெரியாது, பருந்து வரும்" என்பார். இலையுதிர் காலத்தில் பருந்துகள் கூட்டம் கூட்டமாகத் தெற்கே போகிற வழி, இவர் வீட்டுக் கொல்லைக்கு நேர் மேலே. கொல்லை என்றதும் தோட்டம் துரவு என்று நினைத்துவிட வேண்டாம். இரண்டு துணிக்கொடி, ஒரு தண்ணீர்த் தொட்டி, மூன்று பக்கமும் அடுக்குமாடிகளின் முதுகு. மேலே மிஞ்சியது ஒரு போர்வை அளவு வானம். அதைப் பார்ப்பதற்கென்றே வருடம் முழுக்க விடுப்பைச் சேர்த்துவைக்கிற மனிதர்.

இந்த வருடம் பருந்து வரும் நேரம் பார்த்து வலது கண்ணில் விழித்திரை கழன்றது. அறுவை செய்த டாக்டர் கண்ணுக்குள் ஒரு காற்றுக் குமிழியை வைத்தார். "இந்தக் குமிழிதான் திரையை அழுத்திப் பிடிக்கணும். ஒரு வாரம் முகம் தரையைப் பார்த்தே இருக்கட்டும். அண்ணாந்து பார்த்தீங்கன்னா திரை மறுபடியும் கழண்டுடும்; அப்புறம் என்னால ஒண்ணும் பண்ண முடியாது." கண் போனால் உரிமம் போகும், உரிமம் போனால் வண்டி போகும். அவர் மனைவி கொல்லைக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். கட்டின புருஷனை அவளுக்குத் தெரியாதா?

"உள்ளேயே படுங்க. கொல்லைப் பக்கமே போக வேண்டாம்."

"நான் பார்க்க மாட்டேன். நீ பார்த்துச் சொல்லு, கேட்டுக்கறேன்."

"எனக்குக் காக்காய்க்கும் பருந்துக்கும் வித்தியாசம் தெரியாதுங்க."

"தெரிய வேண்டாம். கண்ணுல படறதைச் சொன்னா போதும்."

அவள் தையல்காரி. துணி வெட்டும் மேசையைக் கொல்லைக்கு இழுத்துப் போட்டு, நெஞ்சுக்குத் துண்டைச் சுருட்டி வைத்து, முகம் விளிம்புக்கு வெளியே தொங்குமாறு அவரைக் குப்புறக் கிடத்தினாள். பக்கத்திலேயே நின்று பிடரியில் கை வைத்துக்கொண்டாள். தலை நிமிர்ந்தால் அமுக்கிவிடுவதாக உத்தேசம்.

முதல் நாள், "வெள்ளையா ஒண்ணு வட்டம் போடுது" என்றாள்.

"சிறகு அடிக்குதா?"

"இல்லையே... கைப்பிடி இருக்குங்க. காய்கறிப் பை."

மேசை குலுங்கக் குலுங்கச் சிரித்தார். சிரிப்பிலும் முகம் தரையை விட்டு அசையவில்லை.

அடுத்த நாள் அவளுக்குத் தன் பாஷை கிடைத்துவிட்டது. "கை குட்டை, பின்பக்கம் நீளமா விட்டிருக்கு. ரெண்டு தட்டு தட்டுது, அப்புறம் வழுக்கிட்டுப் போகுது."

"வைரி. பருந்து மாதிரி சின்ன வேட்டைப் பறவை" என்றார், எறும்புகளைப் பார்த்தபடியே.

"இன்னொண்ணு வருது. இது கை அகலம், வால் குட்டை. வாலுக்குக் கறுப்பும் வெள்ளையுமா கரை வச்சுத் தைச்சிருக்கு."

"அதுதான்மா. கூட்டமா வர்ற ஜாதி. ஒண்ணு முன்னாடியே வந்துடுச்சு."

காதால் பார்க்கிற இந்த மனிதரை நினைத்து அவளுக்கு மலைப்பாக இருந்தது. எத்தனை வருடம் இவரைக் கிறுக்கு என்று ஏசியிருப்பாள். இப்போது வாய்விட்டுப் பாராட்டினால் தலைக்கனம் ஏறிவிடும் என்று விட்டுவிட்டாள். அதற்குப் பதில் காலை முதல் மாலை வரை வர்ணித்தாள். தையல் மிஷின் நின்றாலும் அவள் வாய் நிற்காது என்று வாடிக்கையாளர்கள் சொல்வது சும்மா இல்லை.

மழை விட்டு வடகாற்று வீசிய காலையில் சுவர்களில் வெயில் காய்ந்தது. "நாலு... பத்து... அய்யோ, எண்ண முடியலைங்க" என்றாள். போர்வை அளவு வானம் சுவரிலிருந்து சுவர் வரை நிறைந்துவிட்டது. வெயிலில் சூடாகி எழும்பிய காற்றில் பருந்துகள் சுற்றிச் சுற்றி மேலேறின. உச்சிக்குப் போனவை சிறகை அசைக்காமலே ஒன்றன்பின் ஒன்றாகத் தெற்கே நழுவின. கீழிருந்து இன்னும் இன்னும் வந்துகொண்டே இருந்தன. பிடரியை விட்டுக் கை எப்போது விலகியது, தான் எப்போது கொல்லை நடுவுக்கு வந்தோம் என்பதே அவளுக்குத் தெரியவில்லை.

திடீரென்று உறைத்தது. மேசைப் பக்கம் திரும்பினாள்.

அவர் அப்படியே கிடந்தார். இரண்டு கைகளும் மேசைக்கால்களை இறுக்கிப் பிடித்திருந்தன. விரல் முட்டிகள் வெளுத்திருந்தன. முகம் தரையில்தான்.

"என்னங்க... சொல்ல மறந்துட்டேன். இதோ சொல்றேன்."

"சொல்லாதே" என்றார். "நீயே வாயடைச்சு நிக்கறேன்னா எவ்வளவு வந்திருக்கும்னு எனக்குத் தெரியாதா? பாரு. போயிடப் போகுது."