பொங்கல் சீரில் வந்த பாலிசி

எழுதுகிற அளவுக்கு எனக்குப் படிப்பு கிடையாது. பத்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் கூடின இடத்தில் வாய் திறந்து பேசவும் வராது. இங்கே சொல்லப்போவதும் என் கர்ப்பப்பையில் வந்த ஒரு கட்டியைப் பற்றி. அதிகப்பிரசங்கித்தனம் என்று தோன்றினால் மன்னித்துவிடுங்கள்.

கீரமங்கலம் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் மல்லிகைத் தோட்டம். விடியுமுன் நானும் வீட்டுக்காரரும் பூ எடுப்போம். என் ஒரே தம்பி சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். பொங்கலுக்கு எனக்குச் சீர் கொண்டுவருவது அவன் பொறுப்பு. அரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள் கொத்து, ஒரு சேலை. சில வருடமாக இவற்றோடு இன்னொன்றும் வருகிறது. தனியார் கம்பெனி ஒன்றில் என் பேருக்கு அவன் எடுத்திருக்கும் மருத்துவ இன்சூரன்ஸ் பாலிசி. ஒவ்வொரு பொங்கலுக்கும் புதுப்பித்து, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்குக்கு மேல் வைத்துக் கொண்டுவருவான். சீர் என்பதால் தம்பி மனைவி அந்தப் பிளாஸ்டிக் உறைக்கும் மஞ்சள் குங்குமம் வைத்துவிடுவாள்.

என் வீட்டுக்காரருக்கு அந்தப் பாலிசியைக் கண்டாலே ஆகாது. ஆனால் சீர்த்தட்டை எப்படி மறுப்பது? இரண்டு கையாலும் வாங்கிச் சாமி விளக்குக்கு முன்னால் வைத்தார். அங்கேதான் மாட்டிக்கொண்டார். வாங்கிய சீரை ஒதுக்கினால் என் பிறந்த வீட்டையே ஒதுக்கினது போலாகும்.

இந்தப் பொங்கல் முடிந்த கையோடு எனக்கு உதிரப்போக்கு அதிகமானது. பூக்கூடையைத் தூக்கினால் தலை சுற்றியது. புதுக்கோட்டை அரசாங்கப் பெரியாஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, கட்டியை எடுத்தாக வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்றார்கள். செவ்வாய்க்கிழமை வந்து சேர வேண்டும், புதன்கிழமை ஆபரேஷன். லீவில் இருந்த தம்பி கேட்டதும், தஞ்சாவூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அதே புதன்கிழமைக்கு ஏசி ரூம் சொல்லிவிட்டான். ஒரே வயிற்றுக்கு இரண்டு ஊரில் நாள் குறித்தாயிற்று.

அதிலிருந்து மாமன் மச்சான் இரண்டு பேருக்கும் சோறு இறங்கவில்லை. வைத்தியம் எல்லோருக்கும் அரசாங்கமே பார்க்க வேண்டும், அதற்குத்தானே தீப்பெட்டி வாங்கினாலும் வரி கட்டுகிறோம் என்பார் இவர். அவரவர் உடம்புக்கு அவரவர்தான் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும், அரசாங்கத்தை நம்பி வரிசையில் நிற்க முடியுமா என்பான் அவன். போன வருடம் காய்ச்சல் வந்தபோது மச்சான் எந்த ஆஸ்பத்திரிக்கு ஓடினார் என்று தம்பி கேட்டான். இவர் அன்றைக்குத் தனியார் கிளினிக்குக்குத்தான் ஓடியிருந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே கிளம்பிவிட்டார். பேச்சு டீக்கடைக்குப் போய், அங்கிருந்து பூக்கமிஷன் கடைக்கும் போய்விட்டது. முகம் தெரியாதவர்களெல்லாம் என் கட்டிக்காக இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றார்கள். எனக்கு ரோட்டில் நடக்கவே வெட்கமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் தம்பி தஞ்சாவூர் போக வாடகைக் கார் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான். இவர் என் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பி நின்றார். பையின் ஒரு காதை இவரும் இன்னொரு காதை அவனும் பிடித்துக்கொண்டார்கள்.

"காசு உள்ளவன்லாம் தனியாருக்குப் போயிட்டா பெரியாஸ்பத்திரிய யாரு மாப்ள கேப்பா? எல்லாரும் அங்கிட்டே போனாத்தான் ஃபேனு ஒழுங்கா ஓடும்" என்றார் இவர்.

"ஃபேனு ஓடுற வரைக்கும் எங்க அக்கா வேர்த்துக் கெடக்கணுமா மச்சான்? சீரை வாங்கி விளக்குக்கு முன்னாடி வச்சீங்கள்ல? அதுக்கு என்ன மரியாதை?"

இரண்டுமே எனக்குச் சரியாகத்தான் பட்டது. ஆனால் படுக்கப்போகிறவளை அதுவரை ஒருவரும் கேட்கவில்லை. எங்கிருந்து தைரியம் வந்ததோ, நடுவில் போய் நின்று பையை வாங்கினேன்.

"தம்பி, சீருன்னா அது யாருக்குக் குடுக்குறது?"

"ஒனக்குத்தான்க்கா."

"அப்பா போட்ட நகைய நான் என்னைக்குப் போடணும், என்னைக்குக் கழட்டணும்னு நீ கேட்டிருக்கியா? இதுவும் அப்புடித்தான். என் சீரு. எப்ப எடுக்கணும்னு நான் சொல்றேன்."

பிறகு காரணத்தையும் சொன்னேன். பெரியாஸ்பத்திரியில் என்னைப் பார்த்த டாக்டரம்மா, நான் கூச்சப்படுவதைக் கவனித்து, சுற்றி நின்ற டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகளை வெளியே போகச் சொல்லிவிட்டு, எழுந்து வந்து தன் கையாலேயே திரையை இழுத்துவிட்டார். என் உடம்பை அவரிடம்தான் காட்ட முடியும். அதோடு, மூடின ஏசி ரூமில் எனக்குத் தூக்கமும் வராது. வார்டு என்றால் பக்கத்துக் கட்டிலில் ஒரு பொம்பளை இருமுகிற சத்தமாவது கேட்கும்.

இவர் ஜெயித்த மாதிரி மீசையைத் தடவினார். அவரையும் விடவில்லை. "நீங்க ரொம்ப சந்தோசப்படாதீங்க. ஃபேனு ஓடலேன்னா நீங்கதான் விசிறணும்" என்றேன். தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் சிரித்ததும் இவரும் சிரித்தார். தஞ்சாவூருக்குப் பேசின கார் எங்கள் மூன்று பேரையும் ஏற்றிக்கொண்டு புதுக்கோட்டைக்குப் போனது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு ரூம் வேண்டாம் என்று சொல்லும்போது தம்பி குரலில் கொஞ்சம் வருத்தம் இருந்தது. "பாலிசிய என்ன பண்ணட்டும்க்கா?" என்றான். வருடா வருடம் தவறாமல் கொண்டுவா, ஆனால் சேலையைக் குறைத்துவிடாதே என்றேன்.

சாயங்காலம் எங்களோடு பூ எடுக்கும் பொம்பளைகள் பஸ் பிடித்து வந்துவிட்டார்கள். ஒருத்தி மடியில் மொட்டு கட்டி வந்திருந்தாள். பக்கத்துக் கட்டில்காரிகளும் நாரை வாங்கித் தொடுக்க உட்கார்ந்தார்கள். நர்ஸம்மா சத்தம் போட வந்தவர், ஒரு முழம் வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு போனார். பயம் எங்கே போனது என்றே தெரியவில்லை. என் தலைக்கு மேலே ஃபேன் நன்றாகவே ஓடியது. அதை இவர் அண்ணாந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை ஆபரேஷன் நடந்தது. எடுத்த கட்டியை ஒரு தட்டில் வைத்து வெளியே கொண்டுவந்து காட்டினார்களாம். தம்பி பார்த்தான். இவர் அதைப் பார்க்காமல், நான் கண் முழித்துவிட்டேனா என்றுதான் கேட்டாராம்.