சவர்க்கார அச்சில் வார்த்த ஈயம்

மூதூரில் நாங்கள் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். என்னுடைய காக்கா கடலில் மௌத்தாகவில்லை. உம்மா பயந்ததெல்லாம் கடலுக்குத்தான். ஆனால் காய்ச்சல் வந்து, பெரியாஸ்பத்திரிக் கட்டிலில் பன்னிரண்டு நாள் கிடந்து, ஒரு வெள்ளிக்கிழமை பகல் போய்விட்டார். அவர் கடைசியாக உடுத்திருந்த சாரனை உம்மா தோய்க்காமல் எடுத்து வைத்துக்கொண்டார். எனக்கு அவருடைய ஈய பெல்ட் வந்தது.

காக்கா, நான், மாமியின் மகனான மச்சான், மூன்று பேரும் முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு சங்கு எடுக்கப் போவோம். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எனக்குத் தெரிந்த தொழில் அதுதான். தண்ணீர் ஆளை மேலே மேலே தள்ளும். அடியில் நின்று வேலை செய்ய இடுப்பில் பாரம் வேண்டும். கிழிந்த வலைகளில் இருந்த ஈயக் குண்டுகளைக் காக்கா கழற்றி, குசினி அடுப்பில் உருக்கினார். உம்மாவின் புதுச் சவர்க்காரத்தை மணலில் அமத்தி அச்செடுத்து, ஐந்து கட்டி வார்த்து, பெல்ட்டில் கோத்தார். சவர்க்காரத்தின் மேலிருந்த எழுத்து பாதி பாதியாக ஈயத்தில் விழுந்திருந்தது. மணல் ஒட்டின சவர்க்காரத்தால் உடுப்புத் தோய்த்த உம்மா, "உன்ட கடல் என்ட கையையெல்லாம் சுரண்டுது" என்று அன்று முழுவதும் ஏசினார்.

காக்காவிடம் ஒரு பழக்கம் இருந்தது. தோணியில் எல்லாம் மாட்டி முடிந்த பிறகு, கடைசியாகத்தான் பெல்ட். சிலிண்டரின் வார்களுக்கு மேலே அது வர வேண்டும். வார்களுக்கு அடியில் போனால், ஆபத்தில் பாரத்தைக் கழற்றி விட்டு மேலே வரும்போது சிக்கிவிடும். பூட்டின் நாக்கு வலக்கைப் பக்கம் இருக்க வேண்டும். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, ஒரே கையால் பூட்டை இழுத்து, பெல்ட்டை உடம்பிலிருந்து நன்றாக விலக்கிப் பிடித்து, தோணிப் பலகையில் போட வேண்டும். ஒவ்வொரு நாளும், இறங்குவதற்கு முன், மூன்று பேரும். தோணியே அதிரும். உம்மாவின் பயம் குறையக் காக்கா இதையெல்லாம் அவரிடமும் சொல்லி வைத்திருந்தார்.

"பலகை உடையப்போகுது காக்கா" என்பான் மச்சான்.

"உடைஞ்சா வேற பலகை அடிக்கலாம். நீ வராட்டி மாமிக்கு என்னத்தச் சொல்ற?"

"சோறு மிச்சம் எண்டு சொல்லுங்க."

காக்கா இல்லாமல் முதல் தரம் கடலுக்குப் போன அன்று, பெல்ட் பலகையில் விழும் அந்தச் சத்தத்தைக் கேட்க எனக்கு ஏலவில்லை. மச்சானுக்கும் ஏலவில்லை போல. இரண்டு பேரும் அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டோம். நான் காக்காவின் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு இறங்கினேன். அவருடைய இடுப்பு என்னுடையதை விடப் பெரிது. அடியில் ஒரு பாறையில் உரசியபோது பூட்டு திறந்து, பெல்ட் துடை வரை இறங்கிவிட்டது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் பூட்டுக்கு மேலே நைலோன் கயிற்றை மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டேன். மச்சான் பார்த்தால் ஏசுவான் என்று, போட்டிருந்த சேட்டை முடிச்சுக்கு மேலே இழுத்துவிட்டு மறைத்தேன். அப்படியே பல நாள் இறங்கினேன். பெல்ட் தொலையக் கூடாது, அது ஒன்றுதான் மண்டையில் இருந்தது.

குடாவின் வாயில் ஓர் இடம் இருக்கிறது. பாறை முடிந்ததும் தரை சரிந்து இருட்டுக்குள் போய்விடும். அங்கேதான் அன்று சங்கு பொறுக்கிக்கொண்டிருந்தேன். மச்சான் மேலே தோணியில். பை பாதி நிரம்பியபோது மூச்சு இறுகியது. சிலிண்டரின் பக்கத்தில் ஒரு கம்பி உண்டு, அதைக் கீழே இழுத்தால் சேமிப்பில் உள்ள கொஞ்சக் காற்று வரும். கையைப் பின்னால் விட்டுப் பார்த்தேன். கம்பி ஏற்கெனவே கீழே இறங்கியிருந்தது. தோணியில் ஏற்றும்போது எதிலோ தட்டுப்பட்டிருக்க வேண்டும். சேமிப்பையும் நான் மூச்சாக இழுத்து முடித்துவிட்டேன்.

பையை விட்டேன். காலை அடித்தேன். கொஞ்சம் எழும்பினேன், மேலே வர அது காணாது. இடுப்பு கீழே இழுத்தது. கை தானாகவே வலப்பக்கம் பூட்டுக்குப் போனது. அங்கே என்னுடைய முடிச்சு இருந்தது.

கெண்டைக்காலில் கட்டியிருந்த கத்தியை எடுத்தேன். உள்ளதைச் சொல்கிறேன், எடுத்த உடனே நான் வெட்டவில்லை. விரல் ஒரு கட்டியின் மேல் பட்டது. அந்தப் பாதி எழுத்துத் தட்டுப்பட்டது. காக்காவை இன்னொரு தரம் அடக்கம் செய்யப் போகிறேன் என்று நினைத்தேன். பிறகு ஏன் என்று தெரியாது, கண்ணை மூடினேன். மூடினதும் எல்லாம் தோணியில் செய்வது போல வந்தது. கத்தியை உள்ளே விட்டு அறுத்தேன், வயிறும் கொஞ்சம் அறுந்தது. பூட்டை இழுத்தேன். பெல்ட்டை உடம்பிலிருந்து நன்றாக விலக்கிப் பிடித்தேன். விட்டேன்.

கண்ணைத் திறந்தபோது சரிவில் மணல் கிளம்பியிருந்தது. வேறு ஒன்றும் தெரியவில்லை. மூச்சை அடக்காமல் ஊதிக்கொண்டே வா என்று காக்கா சொல்வார். ஊதிக்கொண்டே வந்தேன்.

மச்சான் என்னைத் தோணிக்குள் இழுத்துப் போட்டான். சேட்டில் இரத்தத்தைக் கண்டு தூக்கிப் பார்த்தான். அறுந்த கயிறு இடுப்பில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இதென்னடா?"

"காக்காட பெல்ட் கழண்டிரும் எண்டு கட்டினன்."

"கழர்றதுக்குத்தானேடா அது."

மச்சான் கடல் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டான். ஒரு தரம் அல்ல, நாலைந்து தரம்.

"ஒவ்வொரு நாளும் போட்டுப் பார்த்திருந்தா நான் கண்டிருப்பன்" என்றான். "உனக்கு மட்டுமா காக்கா?"

வீட்டுக்கு வந்தபோது உம்மா கிணற்றடியில் தோய்த்துக்கொண்டிருந்தார்.

"உம்மா, காக்காட பெல்ட் கடலோட போயிட்டு."

"விழுந்ததா, விட்டியா?"

"நான்தான் விட்டன்."

உம்மா என் சேட்டில் இருந்த இரத்தத்தைப் பார்த்தார்.

"விட்டதாலதான் வந்தியா?"

"ஓம்."

"சேட்டைக் கழட்டித் தா" என்றார். வாங்கித் தோய்த்தார். அதைப் பிழியாமல் நெடுநேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

இரண்டு கிழமைக்குப் பிறகு வலை ஈயம் கொஞ்சம் சேர்த்துக்கொண்டு வந்தேன். கிணற்றடியில் கிடந்த தேய்ந்த சவர்க்காரத்தை எடுத்து மணலில் அமத்தப் போனேன். உம்மா அதைப் பறித்தார். உள்ளே போய் அலுமாரியைத் திறந்து, புதுசு ஒன்றைக் கொண்டுவந்து தந்தார்.

"தேய்ஞ்சதில வார்த்தாப் பாரம் காணாது. இதை எடு."

பெல்ட் முடிந்த அன்று பின்னேரம் குசினியில் என்னை நிறுத்தினார்.

"போட்டுக் காட்டு."

போட்டேன்.

"இப்பக் கழட்டு. காக்கா செய்யிற மாதிரி."

இழுத்தேன், விலக்கினேன், விட்டேன். அடுப்படித் தரையில் குழி விழுந்தது. உம்மா அந்தக் குழியைக் காலால் தடவிப் பார்த்தார். அது எப்போதும் அவர் சாணம் போட்டு மெழுகும் தரை.

"நீ கண்ணை மூடல்ல" என்றார். "இன்னொருக்காப் போடு."