சுகமில்லாத பாறை

எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு பாறையின் படம் ஒட்டியிருந்தது. நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தின் சமையலறையில் ஒரு நாட்காட்டி தொங்கியது. அதில் ஒரு மாதம் முழுக்க இந்தப் பாறையைப் பார்த்துக்கொண்டுதான் பாத்திரம் கழுவினேன். மாதம் முடிந்ததும் தாளைக் கிழித்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

மால்டாவுக்குப் பக்கத்தில் கோசோ என்று ஒரு சின்னத் தீவு. அதன் கரையிலிருந்து பாறை கடலுக்குள் நீண்டு, ஒற்றைக் காலைத் தண்ணீரில் ஊன்றி, நடுவில் பெரிய வாசல் விட்டு நின்றது. வாசலுக்கு அந்தப் பக்கம் ஒரே நீலம். டென்மார்க்கில் நாங்கள் இருக்கும் கிரின்ஸ்டெட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் தட்டையான வயல்தான். நவம்பரில் அதுவும் பனிப்புகாரில் மறைந்துவிடும். அந்த நீலத்துக்கு முன்னால் என் மனுசனோடு ஒருமுறை நிற்க வேண்டும் என்று எனக்குப் பிடிவாதம் பிடித்துவிட்டது.

"அடுத்த வருசம் கட்டாயம் போவம்" என்றார் அவர்.

அடுத்த வருடம் லண்டனில் அவருடைய அக்காவின் மகள் பெரியபிள்ளையான சாமத்திய வீடு. அதற்கடுத்து ரொறன்ரோவில் என் தங்கையின் மகனுக்குக் கலியாணம். பிறகு பாரிஸ். பிறகு ஒஸ்லோவில் ஒரு புதுவீட்டுக் குடிபூரல். போகாவிட்டால் என்ன நினைப்பார்கள்? வேலையிடத்தில் டேனிஷ்காரிகள், "கோடை விடுமுறைக்கு லண்டன் போனாயே, என்ன பார்த்தாய்?" என்று கேட்பார்கள். நான் பார்த்தது ஒரு மண்டபம், அதற்குப் பின்னால் ஒரு கார் தரிப்பிடம், சேலை கசங்காமல் கழிப்பறைக்குப் போக ஒரு நீண்ட வரிசை. இதை அவர்களுக்கு டேனிஷில் எப்படிச் சொல்வது? "நல்ல ஊர்" என்று சொல்லித் தப்பிவிடுவேன்.

ஒருநாள் அவர் தொழிற்சாலையிலிருந்து வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் அந்தப் படத்துக்கு முன்னால் நின்றார். அன்று இரவுச் சாப்பாட்டின்போது, "இஞ்சை பாரும், கிரீத் தீவு நல்ல இடமாம்" என்றார். அடுத்த கிழமை சைப்பிரஸ். அதற்கடுத்து மயோர்கா. கோசோ என்ற சொல்லே அவர் வாயிலிருந்து மறைந்துபோனது.

"எனக்குக் கோசோதான். அந்தப் பாறைதான்" என்றேன்.

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டு, "அந்தப் பாறைக்குக் கொஞ்சம் சுகமில்லையாம்" என்றார்.

"பாறைக்குச் சுகமில்லையோ? என்ன, காய்ச்சலோ?"

"இல்லையப்பா. கொஞ்சம் வெடிச்சிருக்காம்."

"வெடிச்சா என்ன? நான் என்ன அதிலை ஏறி நிண்டு ஆடப்போறனே?"

எனக்கு அப்போதே விளங்கியிருக்க வேண்டும். எங்கள் ஆட்களில் ஒருவரும் ஒரே நாளில் சாவதில்லை. முதலில் தொலைபேசியில் "கொஞ்சம் சுகமில்லை" என்பார்கள். மறுநாள் "கடுமையாம்" என்பார்கள். அதற்கடுத்த நாள் டொக்டர்மார் கையை விரித்துவிடுவார்கள். அப்படியே படிப்படியாக நம்மை இறக்கிக்கொண்டு போவார்கள். நமக்கு விசயம் வந்து சேரும்போது அங்கே எரித்துச் சாம்பல் அள்ளும் காடாத்தும் முடிந்திருக்கும்.

என் அப்பா செத்தபோதும் அப்படித்தான். நான் மகளை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தேன். "மாமாவுக்குக் கொஞ்சம் கடுமையாம்" என்று ஒரு கிழமை முழுக்க இந்த மனுசன் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் கனடாவிலிருந்து ஒரு மச்சாள் துக்கம் விசாரிக்கத் தொலைபேசி எடுத்தபோதுதான் எனக்கு உண்மை தெரிந்தது. நான் போட்ட சத்தத்தில் மேல்வீட்டு டேனிஷ்காரன் கீழே இறங்கி வந்துவிட்டான். அந்த ஒரு கிழமையும் அவர் நிலவறையில் உடுப்புத் தோய்க்கும் மெசினுக்குப் பக்கத்தில் நின்று அழுதுவிட்டு, முகம் கழுவி வந்து எனக்குச் சோறு போட்டுத் தந்திருக்கிறார். அது எனக்குப் பிறகுதான் தெரியும். "இனிமேல் எதையும் உள்ளதை உள்ளபடி சொல்ல வேணும்" என்று சத்தியம் கேட்டேன். ஓம், ஓம் என்று தலையாட்டினார்.

உங்களையும் அவர் என்னை வைத்திருந்த மாதிரி வைத்திருக்க எனக்கு விருப்பமில்லை. உடனே சொல்லிவிடுகிறேன்: அந்தப் பாறை விழுந்துவிட்டது. ஒரு புயலில், காலோடும் தலையோடும், முழுதாகக் கடலுக்குள் போய்விட்டது. தொழிற்சாலை உணவறைத் தொலைக்காட்சியில் அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டுத்தான் அவர் அன்று கோட்டோடு நின்றிருக்கிறார். எனக்கு மட்டும் தெரியாது. நான் செய்தி பார்க்கிற ஆள் இல்லை.

இது ஒன்றும் தெரியாமல், போன இலையுதிர் கால விடுமுறைக்கு நானே மகளைக் கொண்டு பயணச்சீட்டுப் போடுவித்தேன். அவள் தலைநகருக்குப் பக்கத்தில் ஹ்விடோவ்ரேயில் இருக்கிறாள், அலுவலக வேலை. அவளுக்கும் விசயம் தெரியும். அப்பா சொல்லட்டும் என்று அவளும், மகள் சொல்லட்டும் என்று அவரும் இருந்திருக்கிறார்கள். அப்படியே மூன்று பேரும் பில்லுண்டில் விமானம் ஏறிவிட்டோம். பெட்டிக்குள் சோறு சமைக்கும் குக்கர், மிளகாய்த்தூள், ரின்னில் அடைத்த மீன். என் நெஞ்சோடு அந்தத் தாள்.

மால்டாவிலிருந்து கோசோவுக்குப் பெரிய கப்பலில் போக வேண்டும். அவர் நடுவிலுள்ள கதிரை ஒன்றில் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். "நித்திரை வருது" என்றார். இதுவும் எனக்குத் தெரிந்த கதைதான். சண்டைக் காலத்தில் மன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்குச் சின்ன வள்ளம் ஒன்றில் தப்பி வந்தவர் அவர். எப்படி வந்தீர்கள் என்று கேட்டால் "பரவாயில்லை" என்பார். அந்த ஒரு சொல்தான். டென்மார்க்கில் தொழிற்சாலை ஆட்கள் மீன் பிடிக்கப் படகில் கூப்பிட்டால் மட்டும் இவருக்கு முழங்காலில் நோ வந்துவிடும்.

கோசோவில் கார் இடப்பக்கம் ஓடுகிறது. மகள் பயந்து கார்த் திறப்பை அப்பாவிடம் கொடுத்துவிட்டாள். இளந்தாரி மாதிரி நிமிர்ந்து இருந்து ஓட்டினார் மனுசன். முதல்நாள் வடக்குக் கரையில் உப்புப் பாத்திகளைப் பார்த்தோம். கடற்கரைப் பாறையையே சதுரம் சதுரமாகக் குடைந்து கடல்நீரை நிறுத்தியிருந்தார்கள். அவர் ஒரு கல் உப்பை எடுத்து நாக்கில் வைத்து, "காணாது, மன்னார் உப்புத்தான் உப்பு" என்றார். சிவப்பு மணல் கடற்கரை ஒன்றில் நான் கால் நனைத்தேன். இவர்கள் இரண்டு பேரும் தூரத்தில் நின்று குசுகுசுத்தார்கள். எனக்குப் பிறந்தநாள் கேக் வாங்கப் போகிறார்களாக்கும் என்று நினைத்தேன்.

இரண்டாம் நாள் ஒரு ஒடுங்கிய பள்ளத்தாக்கின் முடிவுக்குக் கூட்டிப் போனார்கள். படி இறங்கினால், கடல் ஓரத்தில் ஒரு பாறை வளைவு.

"இந்தா, உம்மடை பாறை. நல்ல வடிவாய் நிக்குது" என்றார் அவர், என் முகத்தைப் பார்க்காமல்.

நான் தாளை விரித்துப் பிடித்தேன். கால் வேறு, வாசல் வேறு, உயரம் பாதிதான். "இது அது இல்லை. தமக்கையைக் காட்டித் தங்கச்சியைக் கட்டி வைக்கிற வேலையோ?" என்றேன். ஆனால் அழகான வளைவுதான், அதைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் இருந்து, கட்டிக்கொண்டுபோன சோறும் மீனும் சாப்பிட்டோம். மகள் டேனிஷில், "அம்மா, ஆறுதலாக இரு, நாளைக்குப் போவோம்" என்றாள். அவளுடைய குரல் சரியில்லை.

மறுநாள் மேற்குக் கரைக்குப் போனோம். கார் நின்றது. இரண்டு பேரும் இறங்கவில்லை. நான் மட்டும் தாளோடு நடந்தேன். வான் வண்டி ஒன்றில் வைத்துக் குளிர்பானம் விற்றுக்கொண்டிருந்த ஒருவரிடம் படத்தைக் காட்டி, எந்தப் பக்கம் என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு கடலைக் காட்டி, "விழுந்துவிட்டது" என்றார். கொஞ்சம் சுகமில்லை என்றோ, கடுமை என்றோ ஒன்றும் சொல்லவில்லை.

அங்கே கடல் மட்டும் இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு பாறைக்காகக் கேவிக் கேவி அழுகிறேன், வெட்கமாகவும் இருக்கிறது, நிறுத்தவும் முடியவில்லை. இத்தனை வருடமாகச் செத்த பாறை ஒன்றுக்கு முன்னால் நின்று விடியற்காலையில் தேத்தண்ணி குடித்திருக்கிறேன்!

அவர் வந்து பக்கத்தில் நின்றார்.

"எப்பவிருந்து தெரியும்?" என்றேன்.

"இப்பதான்... கொஞ்ச நாளா."

"வருசக்கணக்கா" என்றாள் பின்னால் நின்ற மகள், இந்த முறை நல்ல தமிழில்.

"முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிஞ்ச பிறகு என்னைச் செத்தவீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறியள், என்ன?"

"நீர் ஒவ்வொருநாளும் அதைப் பாத்துச் சிரிப்பீர். நான் என்னண்டு சொல்லுறது?" என்றார். அவருடைய கண்ணும் கலங்கியிருந்தது. திட்ட வைத்திருந்ததில் பாதி எனக்கு மறந்துபோனது. மீதியைத் திட்டினேன்.

அவர் கீழே இறங்கிப் போனார். அங்கே மலைக்குள் குளம் மாதிரிக் கொஞ்சக் கடல். மலையைத் துளைத்துப் போகும் ஒரு குகை வழியாக அது வெளிக்கடலோடு சேர்கிறது. குகை வழியாகச் சின்ன வள்ளங்கள் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய் வந்தன. ஒரு வள்ளக்காரனோடு கையைக் காட்டிக் கதைத்துவிட்டு, "வாரும்" என்று என்னைக் கூப்பிட்டார்.

"உங்களுக்கு முழங்கால் நோவெல்லே?"

"நோ ஒண்டும் இல்லை. ஏறும்."

மகள் கரையில் வாயைத் திறந்தபடி நின்றாள். குகைக்குள் குளிர்ந்தது. வள்ளத்தின் சத்தம் சுவர்களில் மோதித் திரும்பி வந்தது. திடீரென்று வெளிச்சம், எங்களைச் சுற்றி அந்த நீலம், நாட்காட்டியில் இருந்த அதே நீலம். கொஞ்சத் தூரம் போனதும் வள்ளக்காரன் இயந்திரத்தை நிறுத்தி, இங்கேதான் நின்றது என்றான். நான் குனிந்து பார்த்தேன். தெளிந்த தண்ணீருக்கு அடியில், பெரிது பெரிதாக, வெளிறிய கற்கள் ஒன்றின்மேல் ஒன்று கிடந்தன.

அலை ஒன்று வந்து வள்ளத்தைத் தூக்கிப் போட்டது. திரும்பிப் பார்த்தேன். அவர் இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக்க மூடியபடி இருந்தார்.

"என்ன, பரவாயில்லையோ?" என்று கேட்டேன்.

"இல்லை" என்றார். "சரியான பயமாக் கிடக்கு. அண்டைக்கும் இப்பிடித்தான். விடியுமட்டும் பயந்துகொண்டு வந்தனான்."

நான் பாறையை விட்டுவிட்டு அவர் பக்கத்தில் போய் இருந்து, பலகையிலிருந்து ஒரு கையைப் பிரித்து எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். அது குளிர்ந்து விறைத்திருந்தது.

"கரை கிட்டவோ?" என்று கண்ணைத் திறக்காமல் கேட்டார்.

குகை வாசல் எங்கேயோ தூரத்தில் சின்னதாகத் தெரிந்தது. வள்ளக்காரன் இன்னும் இயந்திரத்தைக் கிளப்பவேயில்லை.

"ஓம், கிட்டத்தான்" என்றேன். "இந்தா வந்திட்டம்."