பந்தயத்துக்குப் பூக்கட்டிப் பார்த்தது

என் மகள் மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் விழுந்ததை நான் பார்க்கவில்லை. பந்தயம் தொடங்கப் போகிறது என்றாலே எனக்கு டீ வாங்கப் போகத் தோன்றிவிடும். அன்றைக்கும் போயிருந்தேன். பார்த்தவள் என் மனைவி. கோயம்புத்தூர்ப் பக்கம் இருக்கிற பந்தயத் தடத்தில், இரண்டாவது வளைவில், வண்டி ஒரு பக்கமும் பிள்ளை ஒரு பக்கமுமாகப் போனதைக் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு பார்த்திருக்கிறாள். காறை எலும்பு முறிந்து, தகடு வைத்துத் தைத்தார்கள். பிள்ளைக்குப் பதினேழு வயது.

எங்களுக்குச் செம்பட்டிக்குப் பக்கத்தில் மல்லிகைத் தோட்டம். பூ மூட்டையோடு திண்டுக்கல் மார்க்கெட்டுக்கு வண்டியில் பறக்கிற பிழைப்பு. தோட்டத்துப் பாதையில் அவளுக்கு வண்டி பழக்கியது நான்தான். பெண்கள் பந்தயத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுக் கூட்டிப்போனதும் நான்தான். "பொட்டப்புள்ளயச் சாகக் குடுக்கப் போறியாடா" என்று கேட்ட என் அண்ணனோடு இன்றுவரை பேச்சுவார்த்தை கிடையாது.

எலும்பு கூடியதும் மறுபடி போகணும் என்றாள். அழவில்லை, அடம் பிடிக்கவில்லை. கீறல் விழுந்த ஹெல்மெட்டைத் தினமும் துடைத்து வைத்தாள். அடுத்த பந்தயத்தில் நன்றாக ஓட்டினால் ஒரு அணியில் சேர்த்துவிடுவதாகப் பயிற்சியாளர் சொல்லியிருந்தார். அதை விடுங்கள். பந்தயம் முடிந்து ஹெல்மெட்டைக் கழற்றும்போது அவள் முகத்தில் வருகிற சந்தோஷத்தை நான் வீட்டில் ஒரு நாளும் பார்த்ததில்லை.

வீட்டில் ஓயாத சண்டை. "நம்ம ரோட்டுல எவனாவது லாரியில அடிபட்டுக்கிட்டேதான் இருக்கான். அங்க எதிர்ல வண்டி வராது. ஆம்புலன்ஸ் பக்கத்துலயே நிக்குது" என்பேன்.

"ரோட்டுல போறவன் சோத்துக்குப் போறான். இவ எதுக்குங்க போறா?" என்பாள் மனைவி.

அதற்கு நான் சத்தம்தான் போடுவேன். சத்தம் போடுகிறவனுக்குத் தைரியம் அதிகம் என்று ஊர் நினைத்துக்கொள்கிறது.

கடைசியில் குலதெய்வத்திடம் பூக்கட்டிப் பார்ப்பது என்று முடிவானது. கல்யாணமோ, கிணறு வெட்டுவதோ, மனது ஒரு நிலைக்கு வராவிட்டால் எங்களுக்கு அதுதான் வழக்கம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். சாமி முன்னால் போட்டு, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வோம். வெள்ளை வந்தால் சம்மதம். சிவப்பு வந்தால் மறுபேச்சு இல்லை. மகளும் ஒத்துக்கொண்டாள். மனைவிதான் வாழையிலையில் கட்டினாள். எங்கள் தோட்டத்து மல்லிகை ஒன்றில், வேலியோரத்துச் செவ்வரளி ஒன்றில் என்று பேச்சு.

கோயிலில் கண்ணை மூடி நின்றேன். அப்போதுதான் எனக்கே தெரிந்தது, நான் சிவப்பை வேண்டிக்கொண்டு நிற்கிறேன் என்று. இத்தனை நாளாய்ப் பந்தயம் பந்தயம் என்று குதித்த நான். 'தாயே, நீயே வேணாம்னு சொல்லிரு. அவ மொகத்தப் பாத்து என்னால சொல்ல முடியாது' என்று மன்றாடினேன்.

பூசாரியின் பேத்தி ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தாள். பிரித்தால் மல்லிகை. மகள் தரையில் விழுந்து கும்பிட்டாள். மிச்சமிருந்த பொட்டலத்தை மனைவி எடுத்து மடியில் செருகிக்கொண்டாள். சாமி பூ என்று நானும் ஒன்றும் கேட்கவில்லை.

பந்தயத்தன்று அதே கம்பி வேலி ஓரமாக நின்றோம். வண்டிகள் வரிசைக்கு வந்து உறுமத் தொடங்கின. நான் டீக்கடைப் பக்கம் திரும்பியபோது, மனைவி என் கையைப் பிடித்து அந்தப் பொட்டலத்தை வைத்தாள். இலை காய்ந்து சருகாகியிருந்தது. அதைப் பிரிக்க வேண்டிய அவசியமே இல்லை. காய்ந்த மல்லிகையின் வாசம் எனக்குத் தெரியாதா? இருந்தாலும் பிரித்தேன். அரளி ஒரு இதழ்கூட இல்லை.

"ரெண்டுலயும் வெள்ளையா கட்டுன?"

"ஆமா."

"நீதான வேணாம் வேணாம்னு நின்ன?"

அவள் தடத்தையே பார்த்துக்கொண்டு சொன்னாள்: "இப்பவும் வேணாம்னுதான் இருக்கு. ஆனா செவப்பு வந்திருந்தா அவ காலம் பூரா சாமிய வெறுத்திருப்பா. அவளுக்கு அந்தச் சாமியாச்சும் இருக்கட்டும். ஏதாச்சும் ஆச்சுன்னா நாம ரெண்டு பேரும் சுமந்துக்கிடுவோம்."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பயம் மட்டும் இருந்தது. வாய் வழக்கம்போல் "தாயே" என்று தொடங்கி, பாதியிலேயே நின்றுவிட்டது. எந்த முகத்தோடு கேட்பது? அனுமதி கொடுத்தது அந்தத் தாய் இல்லையே.

வண்டிகள் பாய்ந்தன. இரண்டாவது வளைவில் என் மகளின் வண்டி தரையைத் தொடுகிற அளவுக்குச் சாய்ந்தது. மனைவி கண்ணை மூடவில்லை. அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நானும் பார்த்தேன். இந்தத் தடவை நான் டீ வாங்கப் போகவில்லை.