நான்காவது கட்டம்

சுவாமிநாதன் எதையும் நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. இருக்கிறது என்பார், அவ்வளவுதான். சாம்பாரில் உப்பு இருக்கிறது. காப்பியில் சூடு இருக்கிறது. கல்யாணமான புதிதில் அவர் மனைவி ஜானு இதற்காக அழுதிருக்கிறாள். பிறகு சிரிக்கப் பழகிக்கொண்டாள். "உங்கப்பாக்கு சாதம் போட்டா சர்டிபிகேட்தான் வரும்" என்று மகள் சாருலதாவிடம் சொல்வாள். அந்த மகளுக்கு வரன் பார்த்துவிட்டு வந்த அன்றும் பையனுக்கு வேலை இருக்கிறது, பல் எல்லாம் இருக்கிறது, கொஞ்சம் உரக்கப் பேசுகிறான் என்பதோடு அறிக்கை முடிந்தது. பிடித்ததா என்று ஜானு கேட்டாள். அதைக் கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறவள்தான் சொல்ல வேண்டும் என்று சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

தொழில் அப்படி. அரசுப் பரிசோதனைச் சாலை ஒன்றில் முப்பது வருடம் கஞ்சா பார்த்தார். போலீஸ் பிடித்த சரக்கில் ஒரு பிடியைத் துணியில் கட்டி, அரக்கு வைத்து, கோர்ட் வழியாக அனுப்புவார்கள். முத்திரை உடையாமல் இருக்கிறதா என்று பார்த்துப் பிரிப்பார். இலையையும் விதையையும் ஒதுக்கிவிட்டுப் பூக்கதிரை மட்டும் எடுத்துச் சோதிப்பார். குழாயில் ஊதா நிறம் வந்தால் வந்தது என்று எழுதுவார். யார் குற்றவாளி என்பது கோர்ட்டின் வேலை. பீடிகூடக் குடித்தறியாத மனிதரின் சட்டையில் சாயங்காலம் அந்த நெடி இருக்கும். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் அவர் நெற்றி விபூதியையும் சட்டையையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். ஜானு அந்தச் சட்டைகளைத் தனி வாளியில் நனைப்பாள். மயிலாப்பூரில் அவர்கள் தெருப் பையன்கள் அவருக்குக் கஞ்சா மாமா என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவருக்கும் தெரியும். தப்பான தகவல் இல்லையே என்பார்.

ஒரே ஒரு கேஸ் அவரை விடவில்லை. எண்பத்தைந்தில் போதைப்பொருளுக்குப் புதுச் சட்டம் வந்ததற்குச் சற்றுப் பின்னால் வந்த பொட்டலம் அது. ஊதா வந்தது என்று எழுதியிருந்தார். விசாரணை இழுத்துக்கொண்டே போயிற்று. எதிர்த்தரப்பு கேட்டதன்பேரில், அதே சரக்கில் எடுத்துக் கோர்ட்டில் வைத்திருந்த இரண்டாவது பொட்டலம் வேறு ஊருக்குப் பரிசோதனைக்குப் போனது. அங்கே நிறம் வரவில்லை. போலீசுக்கு வேண்டியதை எழுதிக் கொடுப்பவர் இவர் என்று சாட்சிக் கூண்டில் நின்ற சுவாமிநாதனைப் பார்த்து எதிர்த்தரப்பு வக்கீல் சொன்னார். ஆளை விட்டுவிட்டார்கள். சுவாமிநாதனுக்கு மெமோ வந்தது. விளக்கம் எழுதிக் கொடுத்தார். எச்சரிக்கையோடு முடிந்தது. வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. வீட்டில் அதைப் பற்றிப் பேசவில்லை.

மேலிடத்தில் அனுமதி வாங்கி ஒரு காரியம் செய்தார். ஒரே சரக்கை இரண்டாகப் பிரித்தார். பாதியைக் கோர்ட் வழக்கப்படி துணியில் கட்டினார். மீதியைப் பழுப்புக் கண்ணாடிப் புட்டியில் போட்டு இறுக மூடினார். சென்னை வெயிலும் கடற்காற்றும் தம் வேலையைச் செய்யட்டும் என்று விட்டுவிட்டு, ஓய்வு பெறும்வரை அவ்வப்போது இரண்டிலும் கிள்ளி எடுத்துச் சோதித்தார். துணியில் கட்டியது வருடத்துக்கு வருடம் மங்கியது. நான்காம் வருடம் ஊதா வரவே இல்லை. புட்டியில் இருந்ததற்குக் கடைசிவரை வந்துகொண்டிருந்தது.

தொண்ணூற்றேழில், ஐரோப்பாவில் கஞ்சா பற்றி ஓர் ஆராய்ச்சி மாநாடு கூடுகிறது என்று பழைய சகா ஒருவர் சுற்றறிக்கை கொண்டுவந்து கொடுத்தார். கட்டுரைச் சுருக்கம் ஒரே பக்கம். நோக்கம், முறை, கண்டது, முடிவு என்று நான்கு கட்டங்கள். எது காலியாக இருந்தாலும் பரிசீலிக்க மாட்டார்கள். ஃபேக்ஸில் ஒரு வெள்ளிக்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும்.

சாருலதா கெமிக்கல் இன்ஜினியர். கல்யாணத்துக்குப் பிறகு திருவான்மியூரில் இருந்தாள். அந்த வெள்ளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மயிலாப்பூர் வந்து அப்பாவுக்கு டைப் செய்து கொடுத்தாள். மூன்று கட்டங்கள் ஒரே மூச்சில் நிரம்பின. நான்காவதற்கு வந்ததும் சுவாமிநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எண்கள் எல்லாம் ஒரே பக்கம்தான் சாய்கின்றன, இரண்டு வரி எழுதினால் தீர்ந்தது என்று அவள் வாதாடிப் பார்த்தாள்.

"என்னன்னு எழுதச் சொல்றே? துணிப் பொட்டலம் கெட்டுப்போகும், அதனால முதல்ல ஊதான்னு எழுதினவன் பொய் சொல்லலேன்னா?"

"அதுதானேப்பா நிஜம்."

"இருக்கலாம். என் கேஸுக்கு நானே தீர்ப்பு எழுதப்படாது."

அந்தக் கட்டம் காலியாகவே இருந்தது. மறுநாள் காலை கபாலி கோயில் குளத்தைச் சுற்றிவிட்டுப் பேப்பர் வாங்க நின்றவர், கடை பெஞ்சில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

மகன் சாய்சரணுக்குப் பத்து நாள் தீட்டு. காரியம் பண்ணுகிறவன் வாசலைத் தாண்டி வேறு வேலைக்குப் போக முடியாது. சாருலதாவைப் பார்த்துச் சாஸ்திரிகள், "பொண்ணுக்கு மூணு நாள்தான். வேற கோத்ரம் ஆயிட்டா. வியாழக்கிழமை ஸ்நானம் பண்ணிண்டு அவா ஆத்துக்குப் போகலாம்" என்றார். சட்டத்தை வாசிப்பதுபோலத்தான் சொன்னார். அவள் தலையாட்டினாள்.

வியாழக்கிழமை குளித்துவிட்டு வந்து, போகாமல், அப்பாவின் மேஜையில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தை எடுத்தாள். சாய்சரண் ஈர வேஷ்டியோடு வந்து எட்டிப் பார்த்தான்.

"அப்பா எழுத மாட்டேன்னாரே."

"ஆமா."

"அப்ப அவர் எழுதின மாதிரியே எழுதிடு. யாருக்குத் தெரியப்போறது?"

அவள் ஆசிரியர் பெயர் வரும் இடத்தில் அப்பா பெயருக்குக் கீழே தன் பெயரைச் சேர்த்தாள். அப்பா பெயரின் தலையில் சின்னதாக ஒரு சிலுவை போட்டாள். இறந்தவர் என்று காட்ட வெளிநாட்டு ஆராய்ச்சிக் கட்டுரைகளில் உள்ள வழக்கம் அது. நெற்றி நிறைய விபூதி பூசிய மனிதருக்கு வந்த சிலுவையைச் சாய்சரண் கொஞ்ச நேரம் பார்த்தான். கண்டது அவர், முடிவு நான் என்று அடியில் ஒரு குறிப்பு எழுதினாள்.

"நீ மட்டும் எழுதலாமா? நீயும் அவர் பொண்ணுதானே?"

"நான் வேற கோத்ரம்டா. உங்க சாஸ்திரிகளே தீர்ப்புச் சொல்லிட்டார்."

உள்ளேயிருந்து ஜானுவின் குரல் மட்டும் வந்தது. "எழுதட்டும்டா."

நான்காவது கட்டத்தில் எழுதினாள்: துணியில் கட்டி வைத்த மாதிரி சில வருடங்களுக்குப் பின் நிறம் காட்டவில்லை என்பதால், அது கஞ்சா இல்லை என்று ஆகாது. முதலில் பார்த்தவரின் அறிக்கை சரியாக இருக்கலாம். கடைசிச் சொல்லை அடித்துவிட்டு வேறு எழுதப் பேனாவைக் கொண்டுபோனாள். பிறகு அதை அப்படியே விட்டுவிட்டுப் பேனாவை மூடி வைத்தாள்.

லஸ் முனையில் வலியுல்லாவின் ஃபேக்ஸ் கடை. அவர் தலைப்பைப் படித்துவிட்டு, தாளை மெஷினில் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"இன்னாம்மா இது, கஞ்சான்னு போட்டுக்கீது. ஃபாரினுக்கு வேற. நாளைக்கு போலீஸ் என் கடையில வந்து குந்திக்கினு இருக்கும்."

லேபில் இருந்த சுவாமிநாதனுடைய கட்டுரை, அவர் திங்கட்கிழமை போய்விட்டார், தான் அவர் மகள் என்று சாருலதா சொன்னாள். வலியுல்லா தலைப்புக்குக் கீழே இருந்த பெயரைப் பார்த்தார்.

"விபூதிக்காரரா? ஒரு ஜெராக்ஸ் எடுத்தா ஒரிஜினலையும் காப்பியையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு பாத்துக்கினே இருப்பாரு. நல்லா வந்துச்சா சார்னு கேட்டா, வந்திருக்குன்னுவாரு. ஒரு தபா கூட நல்லாக்கீதுன்னு சொன்னதில்லமா." கைக்குட்டையால் மெஷினின் கண்ணாடியைத் துடைத்தார். "கொடு. வரட்டும் போலீஸ்."

தாள் மெல்ல உள்ளே போயிற்று. லைன் இரண்டு தரம் அறுந்து, மூன்றாவது தரம் போய்ச் சேர்ந்தது.

மாநாட்டுக்கு யாரும் போகவில்லை. கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள். வர முடியாது என்று சாருலதா எழுதியதும், அவர்களே அதைப் பெரிதாக அச்சிட்டு மாநாட்டுக் கூடத்தின் சுவரில் மாட்டினார்கள். மழைக்காலத்தில் மாநாட்டுப் புத்தகம் மயிலாப்பூர் விலாசத்துக்கு வந்தது. ஜானுவுக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டித்தான் வரும். பக்கத்தைத் தேடிப் பிடித்துப் பெயர்மேல் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, மகள் வரும் ஞாயிற்றுக்கிழமைவரை புத்தகத்தை ஸ்வாமி அலமாரியில் வைத்திருந்தாள்.

"எல்லாம் சரியாப் போட்டிருக்காளா, பாரு."

சாருலதா முதல் வரியிலிருந்து படித்தாள். எண்களைச் சரிபார்த்தாள். சிலுவை இருந்தது. நான்காவது கட்டமும் எழுத்துப் பிசகாமல் இருந்தது.

"இருக்கும்மா" என்றாள். ஜானு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நன்னா இருக்கு" என்றாள் சாருலதா.