குருசாமியின் கால்பாரம்

இரண்டு கெண்டைக்காலிலும் காக்கிப் பைகளை இறுக்கிக் கட்டிக்கொண்டு குருசாமி எழுந்து நின்று இரண்டு குதி குதித்தார். பைக்குள் இருந்த புளியங்கொட்டை ‘சலக் சலக்’ என்றது. வேட்டியைத் தார்ப்பாய்ச்சி ராஜபாளையம் ரோட்டில் இறங்கியதும், சத்தத்துக்காகவே காத்திருந்தவை போல நான்கு நாய்கள் பின்னால் சேர்ந்துகொண்டன.

அவருக்கு நாற்பத்தைந்து வயது. கூட்டுறவுப் பண்டகசாலையில் சீனியும் பருப்பும் எடை போடுகிற உத்தியோகம். பகலெல்லாம் நின்ற இடத்தை விட்டு நகராத மனிதர் விடிந்ததும் இப்படி ஓடியதற்குக் காரணம், சர்வே ஆபீஸில் சங்கிலி பிடிக்கும் சங்கரசுப்பிரமணியன். ஆகஸ்ட் பதினைந்தில் தாலுகா ஊழியர்களுக்கு விளையாட்டு விழா நடக்கும். நாற்பதைத் தாண்டியவர்களுக்கான ஓட்டத்தில் நான்கு வருடமாகச் சங்கரசுப்பிரமணியன் முதல், குருசாமி கடைசி. போன வருடம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பதில், ஓட்டம் முடிந்ததும், “ஓட வந்தீரா வே, இல்ல எங்கள வழியனுப்ப வந்தீரா?” என்று அவர் கேட்க, மைதானமே சிரித்தது. அன்று வீட்டில் ஆட்டுக்கறி. குருசாமி தொடவில்லை.

சலூனில் கிடந்த பழைய பத்திரிகை ஒன்றுதான் வழி காட்டியது.

“வெளிநாட்டுக்காரன் காலுல பாரம் கட்டித்தான் ஓடிப் பழகுதான். அவுத்துட்டா காலு தன்னால பறக்குமாம், ஏட்டி” என்றார் மனைவி முப்பிடாதியிடம்.

“பறக்குத காலு அப்படியே கடைத்தெருப் பக்கம் பறந்து ஒரு கட்டுக் கீரை வாங்கிட்டு வரட்டும்” என்றாள் அவள்.

பழைய காக்கிக் கால்சட்டையை வெட்டிப் பை தைத்துக் கொடுத்தது அடுத்த தெரு ரசீதா. “மாட்டுக்குச் சலங்கை கட்டுவாங்க, தெரியும். மனுசன் தனக்குத்தானே கட்டிக்கிடுதத இப்பத்தான் அண்ணாச்சி பாக்கேன்” என்றாள்.

ஒரு மாதம் சென்று, கறுப்பு நாய் ஒன்று இடதுகால் பையைக் கவ்விக் கிழித்தது. கொட்டை ரோடெங்கும் சிதறியது. அடுத்த மழைக்கு ரோட்டோரம் முக்கால் மைலுக்குப் புளியங்கன்று முளைத்து நின்றது. குருசாமி மணலுக்கு மாறினார்.

பண்டகசாலையிலும் சும்மா இருக்கவில்லை. கூட்டம் குறைந்த நேரத்தில் துவரம்பருப்பு மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு தோப்புக்கரணம் போடுவார். மேனேஜர் பிடித்துவிட்டபோது மூச்சு வாங்கியபடியே, “நம்ம அம்பாளே ஒத்தக்கால்ல நின்னுதான சார் தவம் இருக்கா? காலுதான் சார் முக்கியம்” என்றார். கோமதி அம்மனை இழுத்த பிறகு மேனேஜர் என்ன பேச முடியும்? மூட்டை கிழியாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார்.

ஆடித்தபசு வந்தது. பெண்கள் வேண்டிக்கொண்டு, கூட்டம் கூட்டமாக அம்மன் கோயிலை ஆடிச்சுற்று சுற்றிக்கொண்டிருந்தார்கள். நல்ல தளம், நாய் இல்லை என்று குருசாமியும் மணல் பையோடு அதில் ஓடினார். இருபதாவது சுற்றில் ஒரு பெண் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “பாவம், காலுல சுமையக் கட்டிக்கிட்டுல்லா சுத்துதாரு. என்ன வேண்டுதலோ!” அடுத்த சுற்றில் அவர் காலில் மஞ்சள் நீர் விழுந்தது. அதற்கடுத்த சுற்றில் ஏழெட்டுக் குடம். “ஓடத்தான் பழகுதேன் தாயீ” என்று அவர் கத்தியது மேளச் சத்தத்தில் யார் காதிலும் ஏறவில்லை. வீட்டுக்கு வந்து ஈரப் பைகளை அவிழ்த்தவர் முகத்தில் பரவசம். “ஏட்டி, அம்பாளா பாத்து ஒரு காலுக்குக் கால் கிலோ கூட்டிப் போட்டுட்டா!”

ஆகஸ்ட் பதினைந்து. மைதானத்தை இரண்டு சுற்றுச் சுற்ற வேண்டும். ஏழு பேர். விசில் ஊதியதும், பைகளை அவிழ்த்துப் போட்டுவிட்டு வந்திருந்த குருசாமிக்குத் தன் காலே தன்னுடையதாகத் தெரியவில்லை. தரையில் வைத்தால் நிற்காமல் மேலே போனது. அரைச் சுற்றில் நான்கு பேரைத் தாண்டினார். ஒன்றரைச் சுற்றில் சங்கரசுப்பிரமணியனையும் தாண்டினார். முன்னால் ஒரு முதுகும் இல்லை. வெறும் மைதானம், வெயில், தூரத்தில் ஒரு நாடா. நான்கு வருடமாக அந்த நாடாவை முழுசாக அவர் பார்த்ததே கிடையாது.

ஆனால் முழங்கால் இரண்டும் மார்பு வரைக்கும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. யாரோ “அரோகரா!” என்று கத்த, கூட்டம் மொத்தமும் பிடித்துக்கொண்டது. பக்கத்தில் ஓடி வந்த சங்கரசுப்பிரமணியன் அந்த முழங்காலைப் பார்த்தார். சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“ஏன் வே சிரிக்கீரு?” என்று குனிந்த குருசாமி, தன் முழங்கால் தன் மூக்குக்கு நேரே வருவதைப் பார்த்தார். அவருக்கும் பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துக்கொண்டே ஓட எந்தப் பத்திரிகையும் சொல்லித் தரவில்லை. அவரும் உட்கார்ந்தார். பின்னால் வந்த நான்கு பேரும் அங்கேயே சரிந்தார்கள். எல்லாருக்கும் பின்னால், தலையைக் குனிந்து ‘ஒண்ணு, ரெண்டு’ என்று அடி எண்ணியபடி வந்த ரெக்கார்டு குமாஸ்தா தங்கசாமி மட்டும் எதையும் பார்க்கவில்லை. சிரித்துக் கிடந்தவர்களைச் சுற்றிக்கொண்டு போய் நாடாவை அறுத்தார். சுதாரித்து எழுந்ததில் சங்கரசுப்பிரமணியன் இரண்டாவது, குருசாமி மூன்றாவது.

மேடையில் இரண்டாம் பரிசு ஒரு பிளாஸ்டிக் பிளாஸ்க். மூன்றாம் பரிசு எவர்சில்வர் தூக்குச்சட்டி.

“ரெண்டாவது ரெண்டாவதுதான வே?” என்று சங்கரசுப்பிரமணியன் பிளாஸ்கைத் தூக்கிக் காட்டினார்.

“அத இங்கன தாரும்” என்று வாங்கினார் குருசாமி. இடது உள்ளங்கையில் பிளாஸ்க், வலது உள்ளங்கையில் தூக்குச்சட்டி. தாசில்தார் பார்த்துக்கொண்டிருக்க, இரண்டு கைகளையும் தராசுத் தட்டு மாதிரி பக்கவாட்டில் நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டார். கூட்டம் அடங்கியது. மெல்ல, மிக மெல்ல, வலது கை கீழே இறங்கியது.